ஹலோ... நான் பேசுறது கேட்குதா?

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் பேரவைச் செயலாளர் மூன்று வாரமாக என்னைத் துரத்திக்கொண்டே இருந்தார். கவிதை எழுத எனக்கு வராது. காதலைப் பற்றி எழுதலாம் என்றால் அனுபவம் கிடையாது (சத்தியமாக!). கடைசியில், "உனக்கு நடந்தது எதையாவது எழுதுடா, போதும்" என்று சொல்லிவிட்டார். எனவே, சென்ற விடுமுறையில் இன்பிளான்ட் டிரெய்னிங் போன இடத்தில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

"ஆண்டு மலரிலும் பாடமா?" என்று பக்கத்தைப் புரட்டப் பார்க்கும் மெக்கானிக்கல் நண்பரே, கொஞ்சம் பொறுங்கள். போன், ரௌட்டர் எல்லாம் இதில் வரும்தான். ஆனால் இது நான் போட்ட ஒரு கையெழுத்தின் கதை.

போன் வைத்த கதை

கோவையில் ஒரு சிறிய நிறுவனம். பெயர் வேண்டாம். அலுவலகங்களுக்கு இன்டர்நெட் போன் அமைத்துக் கொடுப்பது அவர்கள் தொழில். அங்கே இருந்த சீனியர் டெக்னீஷியனை எல்லோரும் 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாளே என்னிடம், "தம்பி, புத்தகத்துல படிச்சது இருக்கட்டும். ஸ்குரூ டிரைவர் புடிக்கத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். சேர்த்துக்கொண்டார்.

இரண்டாம் வாரம் ஒரு லாரி புக்கிங் கம்பெனியில் வேலை. கோவையில் தலைமை அலுவலகம். ஈரோட்டில் ஒரு கிளை. இரண்டுக்கும் இடையே இன்டர்நெட் வழியாகவே பேசிக்கொள்ள வேண்டும், பேசுவது எல்லாம் பதிவாக வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். எந்த வண்டி கிளம்பியது, எந்த லோடு நிற்கிறது என்பதில் அடிக்கடி தகராறு வருமாம். அதற்குத்தான் பதிவு.

கோவையில் ஒரு கம்ப்யூட்டரில் ஆஸ்டிரிஸ்க் போட்டோம். ஆஸ்டிரிஸ்க் என்பது ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரையே டெலிபோன் எக்ஸ்சேஞ்சாக மாற்றிவிடும் மென்பொருள். 1999இல் மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க இளைஞர் எழுதத் தொடங்கியது. இலவசம். நம்ம லேபில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரிலேயே ஓடும்.

இரண்டு போன்களையும் கோவையில் ஒரே மேசை மேல் வைத்து நானும் அண்ணாவும் பேசிப் பார்த்தோம். மணி அடித்தாற்போல் கேட்டது. மறுநாள் ஒரு போனை எடுத்துக்கொண்டு நான் தனியாக ஈரோடு போனேன். கிளையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா மட்டும்தான். புக்கிங், கணக்கு, டிரைவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர்தான். "வாங்க தம்பி, உக்காருங்க" என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

போனை மாட்டி, செட்டிங்கில் சர்வர் முகவரியை மட்டும் கோவை அலுவலகத்தின் பொது முகவரிக்கு மாற்றினேன். போன் ரிஜிஸ்டர் ஆனது. அதற்குள் மணி ஏழைத் தாண்டிவிட்டது. கோவையில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்குப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். என்ன செய்வது? வரவேற்பு அறிவிப்புக்கு என்று வைத்திருந்த எண்ணைச் சுழற்றினேன். "வணக்கம், எங்கள் நிறுவனத்துக்கு உங்களை வரவேற்கிறோம்" என்று பத்து வினாடிக் குரல் கணீரென்று கேட்டது. அவ்வளவுதான். சோதனைப் படிவத்தை எடுத்தேன். ரிங் – ஓ.கே. ஒலி – ஓ.கே. கீழே என் கையெழுத்து. டீக்கு நன்றி சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

என் வாழ்க்கையில் நான் கையெழுத்துப் போட்ட முதல் தொழில்நுட்ப அறிக்கை அது. பஸ்ஸில் வரும்போது பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மெமோ

எட்டு நாள் கழித்து அண்ணா என்னைக் கூப்பிட்டார். "ஈரோட்டுல ஏதோ கம்ப்ளெய்ன்ட். போன் நல்லாத்தான் இருக்கு, அந்தம்மாதான் சரியில்லன்னு மேனேஜர் சொல்றாரு. எதுக்கும் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வா."

போனேன். இந்த முறையும் அக்கா "வாங்க தம்பி" என்றுதான் சொன்னார். டீயும் வந்தது. ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. மேசை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். மெமோ. 'மேலாளர் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் அளிக்காமல் மௌனமாக இருக்கிறீர்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே பலமுறை இணைப்பைத் துண்டித்துள்ளீர்கள். இதற்கு விளக்கம் தர வேண்டும்.' இரண்டு நாள் சம்பளப் பிடித்தம் என்றும் அதில் இருந்தது.

"அவரு திட்டுற ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேக்குதுங்க தம்பி. நான் சொல்ற பதில்தான் அவருக்குப் போய்ச் சேர மாட்டேங்குது. நான் கத்திக் கத்திப் பாத்தேன். அவரு 'ஏம்மா வாயத் தொறக்க மாட்டியா'ன்னு கேக்குறாரு. நானா கூப்புட்டா அரை நிமிசத்துல தானா கட் ஆயிருது. நான் வெச்சுட்டேன்னு நெனச்சுக்கிறாரு."

"செல்போன்ல கூப்பிட்டுச் சொல்லலையாக்கா?"

"சொன்னேனே! 'இன்ஜினியர் வந்து டெஸ்ட் பண்ணி ஓ.கே.ன்னு கையெழுத்துப் போட்டிருக்கான், ரெக்கார்டிங்கை நானே கேட்டேன், அதுல உன் சத்தமே இல்ல, கதை விடாதே'ன்னு வெச்சுட்டாரு."

மெமோவோடு இன்னொரு தாளும் பின் செய்யப்பட்டிருந்தது. அது என் படிவத்தின் ஜெராக்ஸ்!

நண்பர்களே, அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டுமானால் என் வீட்டைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். என் அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும், படிக்கத் தெரியாது. பேங்க்கிலோ ரேஷன் கடையிலோ எந்தத் தாளை நீட்டினாலும், "எம் பையன் வந்து படிச்சுப் பாத்துச் சொல்லட்டும், அப்புறம் போடறேன்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். படிக்கத் தெரியாத அவருக்கு ஒரு கையெழுத்தின் கனம் தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த நான், சரியாகப் பார்க்காமலே 'ஒலி – ஓ.கே.' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தக் கையெழுத்து ஒருவரைப் பொய்க்காரி ஆக்கிவிட்டது.

தேடல்

சரி, என்ன கோளாறு? முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ரிசீவர் ஒயரை மாற்றினேன். ரௌட்டரை அணைத்துப் போட்டேன். கையோடு கொண்டுபோன வேறு ஒரு போனை மாட்டினேன். மைக் கோளாறாக இருந்தால் இதில் சரியாக வேண்டும் அல்லவா? ஆகவில்லை. கோடெக்கை மாற்றிப் பார்த்தேன். அதுவும் பிரயோஜனமில்லை. காலை முழுவதும் இப்படியே போய்விட்டது.

மதியம் அண்ணாவுக்குப் போன் செய்தேன். (செல்போனில்தான்!) அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ரெண்டு பக்கமும் கேக்கலையா, ஒரு பக்கம் மட்டுமா?"

"ஒரு பக்கம்தாண்ணா. நம்ம பக்கம் கேக்குது. கோயமுத்தூருக்குத்தான் போகல."

"அப்ப மைக்கை ஏண்டா நோண்டிட்டு இருக்க? அட்ரஸைப் பாரு. கட் ஆகுறது எத்தனை செகண்டுல?"

கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். 32 வினாடி. மறுபடி பார்த்தேன். 32. மூன்றாவது முறையும் 32! மனிதன் கோபத்தில் போனை வைத்தால் ஒரு முறை பத்து வினாடியில் வைப்பான், ஒரு முறை ஐம்பதில் வைப்பான். ஒவ்வொரு முறையும் சரியாக 32 என்றால், வைத்தது அக்கா இல்லை. ஏதோ ஒரு கணக்கு.

லேப்டாப்பில் ஒரு சாஃப்ட்போனைப் போட்டு, அக்காவின் எண்ணிலேயே ரிஜிஸ்டர் செய்து, பக்கத்தில் வயர்ஷார்க்கை ஓடவிட்டுக் கோவைக்குப் பேசினேன். வயர்ஷார்க் என்பது ஒயரில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டையும் பிடித்துப் பிரித்துக் காட்டும் மென்பொருள். கதையே அதில் இருந்தது.

மாரியம்மன் கோவில் தெரு, கதவு எண் 10

இன்டர்நெட் போனில் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. மணி அடிப்பது, எடுப்பது, வைப்பது எல்லாம் எஸ்.ஐ.பி. என்ற விதிமுறைப்படி நடக்கும். இப்போது எல்லோரும் பின்பற்றும் அதன் வடிவம் 2002இல் ஆர்.எஃப்.சி. 3261 ஆக வெளிவந்தது. குரல் போவது ஆர்.டி.பி. என்ற வேறு விதிமுறையில், வேறு போர்ட்டில். மணி அடித்துவிட்டது என்பதற்காகக் குரலும் போகும் என்று அர்த்தம் இல்லை. இதுதான் நான் கற்ற முதல் பாடம்.

குரலை எங்கே அனுப்புவது என்று போனுக்கு எப்படித் தெரியும்? எஸ்.ஐ.பி. செய்தியின் உள்ளே எஸ்.டி.பி. என்று ஒரு பகுதி இருக்கிறது. 'எனக்குக் குரல் அனுப்ப வேண்டிய முகவரி இது, போர்ட் இது' என்று இரண்டு பக்கமும் அதில் எழுதிப் பரிமாறிக்கொள்ளும். கோவை சர்வர் அதில் எழுதி அனுப்பியிருந்த முகவரி: 192.168.1.10.

அங்கேதான் சிக்கல். 192.168 என்று தொடங்குவது தனியார் முகவரி. 1996 பிப்ரவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 1918 மூன்று தொகுதி முகவரிகளைத் தனியார் வலைப்பின்னல்களுக்கு என்று ஒதுக்கி வைத்தது. 10 என்று தொடங்குவது முழுவதும், 172.16 முதல் 172.31 வரை, அப்புறம் 192.168. இவற்றை யார் வேண்டுமானாலும் தங்கள் கட்டிடத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பொது இணையத்தில் இவற்றுக்கு வழி கிடையாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 'மாரியம்மன் கோவில் தெரு, கதவு எண் 10' என்று ஊர்ப் பெயர் போடாமல் ஒரு முகவரி. அந்த ஊருக்குள் இருப்பவனுக்கு இது போதும், நேராகப் போய்விடுவான். வெளியூர்க்காரன் என்ன செய்வான்? தமிழ்நாட்டில் எந்த ஊரில் மாரியம்மன் கோவில் தெரு இல்லை! 192.168.1.10 அப்படிப்பட்ட முகவரிதான்.

கோவை சர்வரிலிருந்து கடிதம் கிளம்பும்போது அங்கே இருக்கும் ரௌட்டர் உறையின் மேல் அனுப்புநர் முகவரியை மட்டும் மாற்றி, தன் பொது முகவரியை எழுதும். இதற்கு நாட் என்று பெயர். உறையைப் பார்த்துப் பதில் போட்டால் சரியாக வந்து சேரும். ஆனால் உறைக்குள் இருக்கும் கடிதத்தில் சர்வர் தன் கைப்பட, 'குரலை மாரியம்மன் கோவில் தெரு 10க்கு அனுப்பு' என்று எழுதியிருக்கிறதே? நாட் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதில்லை. ஈரோட்டுப் போன் கடிதத்தில் உள்ளபடி குரலை அனுப்புகிறது. ஈரோட்டு ரௌட்டர் அதை வெளியே தள்ளுகிறது. வெளியே அந்த முகவரிக்கு வழி இல்லை. கீழே போட்டுவிடுகிறார்கள்.

நாம் பேசுவது இருபது மில்லி வினாடித் துண்டுகளாகப் போகிறது. வினாடிக்கு 50 பாக்கெட். ஜி.711 கோடெக்கில் ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல். 32 வினாடிக்கு 1600 பாக்கெட். "சார், நான் பேசிட்டுத்தான் இருக்கேன் சார்" என்று அக்கா சொன்னதெல்லாம் 1600 துண்டுகளாக இல்லாத தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நல்லவேளை, ஈரோட்டு வலைப்பின்னல் 192.168.0 என்று தொடங்கியது. அங்கேயும் 192.168.1.10 என்று ஒரு பிரிண்டர் இருந்திருந்தால் அக்காவின் விளக்கம் முழுவதையும் அந்தப் பிரிண்டர்தான் கேட்டிருக்கும்!

அந்த 32 வினாடிக்கும் இதுவே காரணம். நாம் கூப்பிட்டு அந்தப் பக்கம் எடுத்ததும், அது '200 ஓ.கே.' என்று சொல்லும். 'கிடைத்தது' என்று நம் போன் ஒப்புதல் அனுப்ப வேண்டும். அந்த ஒப்புதலும் சர்வர் தந்த உள் முகவரிக்கே போய்த் தொலைந்தது. சர்வர் அரை வினாடி, ஒரு வினாடி, இரண்டு வினாடி, நான்கு வினாடி என்று இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப '200 ஓ.கே.' சொல்லிப் பார்க்கும். அரை வினாடியைப் போல் 64 மடங்கு, அதாவது 32 வினாடி ஆகியும் ஒப்புதல் வராவிட்டால் இணைப்பை அதுவே முடித்துவிடும். விதிப் புத்தகத்தில் உள்ள கணக்கு. என் பத்து வினாடி அறிவிப்பில் இது எப்படித் தெரியும்?

அப்படியானால் கோவைக் குரல் மட்டும் ஈரோட்டுக்கு எப்படி வந்தது? ஈரோட்டுப் போனும் தனியார் முகவரியில்தானே இருக்கிறது? நல்ல கேள்வி. ஈரோட்டு ரௌட்டரில் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்று ஒரு வசதி ஆன் ஆகி இருந்தது. அது உறையைப் பிரித்துக் கடிதத்துக்குள் இருக்கும் முகவரியையும் திருத்தும். குரல் உள்ளே வர வழியும் திறந்துவிடும். கோவை ரௌட்டரில் அது இல்லை. ஆகவே ஒரு பக்கம் திருத்தப்பட்டது, மறுபக்கம் திருத்தப்படவில்லை. வேடிக்கையைப் பாருங்கள். அந்த வசதி ஈரோட்டில் இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு வரவேற்புக் குரல்கூட எனக்குக் கேட்டிருக்காது. முதல் நாளே மாட்டியிருப்பேன். பாதி வேலை செய்தது என்னை முழுதாக ஏமாற்றிவிட்டது.

மேசை மேல் வைத்துச் சோதித்தபோது ஏன் சரியாக இருந்தது என்பது இப்போது உங்களுக்கே புரியும். இரண்டு போனும் ஒரே மாரியம்மன் கோவில் தெருவில் இருந்தன!

சரி செய்தோம்

காரணம் தெரிந்துவிட்டால் மருந்து சுலபம். அண்ணா கோவை சர்வரில் உட்கார்ந்துகொண்டார். நான் ஈரோட்டில், காதில் செல்போனோடு. சர்வரின் பி.ஜே.சிப் அமைப்புக் கோப்பில் மூன்று வரிகள் வேண்டும். 'எக்ஸ்டர்னல் மீடியா அட்ரஸ்', 'எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸ்' இரண்டிலும் கோவையின் பொது முகவரி. 'லோக்கல் நெட்' என்பதில் உள் வலைப்பின்னல். வெளியூருக்கு எழுதும்போது ஊர்ப் பெயரோடு எழுது, உள்ளூருக்கு எழுதும்போது தெருப் பெயர் போதும் என்று சர்வருக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் இது. அதோடு குரலுக்கான யு.டி.பி. போர்ட்டுகள் 10000 முதல் 20000 வரை கோவை ரௌட்டரில் சர்வருக்குத் திருப்பிவிட்டோம்.

ரீலோடு கொடுத்தார். பேசினேன். கேட்கவில்லை! எனக்கு வியர்த்துவிட்டது. கண்டுபிடித்தது எல்லாம் தப்பா? மறுபடி வயர்ஷார்க்கைப் பார்த்தால் இன்னமும் 192.168.1.10தான் வருகிறது. அண்ணா ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "அடடா, இந்தப் பகுதி ரீலோடுக்கு மாறாதுடா, ரீஸ்டார்ட் பண்ணணும்" என்றார். செய்தார். மீண்டும் பேசினேன்.

"ஹலோ... நான் பேசுறது கேட்குதாண்ணா?"

"கேக்குது. கத்தாதே."

32 வினாடி தாண்டியது. 33, 34... ஒரு நிமிடம் ஆனது. கட் ஆகவில்லை. ஒரு சாதாரண 'கேக்குது'வுக்கு இவ்வளவு சந்தோஷப்படலாம் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அதோடு விடவில்லை. ஈரோட்டு ரௌட்டரில் அந்த ஏ.எல்.ஜி.யை அணைக்கச் சொன்னார் அண்ணா. "நல்லாத்தானே ஓடுதுண்ணா?" என்றேன். "இன்னிக்கு ஓடுது. அது பாதியைத் திருத்தும், நாம பாதியைத் திருத்துவோம், நாளைக்கு யார் எதைத் திருத்துனாங்கன்னே தெரியாது" என்றார். அதற்குப் பதிலாகச் சர்வரில் 'ஆர்.டி.பி. சிமெட்ரிக்', 'ஃபோர்ஸ் ஆர்போர்ட்', 'ரீரைட் கான்டாக்ட்' மூன்றையும் ஆன் செய்தார். கிளைப் போன் கடிதத்தில் என்ன முகவரி எழுதினாலும் கண்டுகொள்ளாதே, உறை எங்கிருந்து வந்ததோ அங்கேயே பதிலையும் குரலையும் அனுப்பு என்று அர்த்தம். 'டைரக்ட் மீடியா'வையும் அணைத்தார். இல்லையென்றால் இரண்டு போன்களும் நடுவில் சர்வர் இல்லாமல் நேராகப் பேசப் பார்த்து மறுபடி தெருப் பெயரைத் தேடும்.

கடைசியாக, பேச்சு எதுவும் இல்லாமல் சும்மா இருந்தால் ரௌட்டர் திறந்து வைத்த வழியைச் சிறிது நேரத்தில் மூடிவிடும். அதனால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை சர்வர் போனைத் தட்டிப் பார்க்கும்படி வைத்தோம்.

இன்னொரு கையெழுத்து

மேனேஜரைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னேன். அக்கா ரிசீவரை எடுத்தார். "சார், ஈரோடு ஆபீஸ் சார். பேசுறது கேக்குதுங்களா?" என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம், "ம்... இப்பக் கேக்குது. காலைல வந்த லோடு கெளம்பிருச்சா?" என்று குரல் வந்தது. அவ்வளவுதான். மெமோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்கா வண்டி நம்பரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். ஆனால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ரிஜிஸ்டரை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

எனக்குத்தான் கிளம்ப மனம் வரவில்லை. புதிய சோதனைப் படிவத்தில் எல்லாம் ஓ.கே. என்று எழுதிக் கொடுத்தால் என் வேலை முடிந்தது. ஆனால் பழைய தாள் அந்த மெமோவோடு பின் செய்தபடி அப்படியே இருக்குமே? போன் இன்றைக்குச் சரியாகிவிட்டது, சென்ற வாரமும் சரியாகத்தான் இருந்தது என்றுதானே அந்தத் தாள் சாட்சி சொல்லும்?

அண்ணாவிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "தப்புன்னு எழுதிக் கொடுத்தா நம்ம கம்பெனி பேருதான்டா கெடும். அடுத்த வேலை தருவாங்களா?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். சிறிய கம்பெனி. அவர் குடும்பமும் அதில்தான் ஓடுகிறது. நான் டிரெய்னிங் முடிந்து போய்விடுவேன். அவர் அங்கேதான் இருக்க வேண்டும்.

நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அப்புறம், "முதல் தாள்ல கையெழுத்து என்னுதுதாண்ணா. கம்பெனி பேரை எழுதல. என் பேர்ல மட்டும் எழுதறேன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட் ஆகிவிட்டதோ என்று நினைத்தேன். "எழுதி போட்டோ எடுத்து அனுப்பு, பாக்கறேன்" என்றார்.

எழுதினேன். 'முதல் நாள் சோதனையில் கோவையிலிருந்து ஈரோட்டுக்கு வரும் ஒலி மட்டுமே சரிபார்க்கப்பட்டது. ஈரோட்டிலிருந்து கோவைக்குப் போகும் ஒலி சரிபார்க்கப்படவில்லை. சர்வரில் பொது முகவரி அமைக்கப்படாததால் கிளை ஊழியர் பேசியது தலைமை அலுவலகத்துக்குச் சென்று சேரவில்லை. 32 வினாடியில் இணைப்பு துண்டிக்கப்பட்டதும் அதே காரணத்தால். இதில் கிளை ஊழியரின் தவறு எதுவும் இல்லை.' கீழே கையெழுத்து.

மறுநாள் கோவையில் அந்தத் தாளை அண்ணா கேட்டு வாங்கினார். படித்தார். பேனாவை எடுத்து என் கையெழுத்துக்குக் கீழே அவரும் ஒரு கையெழுத்துப் போட்டு, கம்பெனி முத்திரையும் வைத்தார். "டிரெய்னிங் பையன் கையெழுத்துன்னா குப்பைல போட்டுருவாங்க" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து ஈரோட்டிலிருந்து அக்கா பேசினார். மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம். பிடித்த இரண்டு நாள் சம்பளம் வந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

தம்பி, தங்கைகளுக்கு...

முதலாம், இரண்டாம் ஆண்டுத் தம்பி, தங்கைகளே! நாளைக்கு நீங்களும் ஒரு போனை மாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடப் போகிறீர்கள். அப்போது உதவும் என்று சில குறிப்புகள்:

1. மணி அடிப்பது ஒரு பாதை, குரல் போவது வேறு பாதை. ஒன்று சரியென்றால் மற்றொன்றும் சரி என்று முடிவு கட்டாதீர்கள்.

2. எந்தப் பக்கம் கேட்கவில்லை என்று முதலில் கேளுங்கள். 'அ' பேசுவது 'ஆ'வுக்குக் கேட்கவில்லை என்றால், 'அ'வுக்கு 'ஆ' கொடுத்த முகவரியைப் போய்ப் பாருங்கள்.

3. எஸ்.டி.பி.க்குள் 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் முகவரி வெளியூருக்குப் போகிறதா? பாதி நோய் அங்கேதான்.

4. 32 வினாடியில் கட் ஆனால் ஒப்புதல் தொலைகிறது. மனிதர்களைச் சந்தேகப்படாதீர்கள்.

5. எக்கோ டெஸ்ட் செய்யுங்கள். ஆஸ்டிரிஸ்கிலேயே இருக்கிறது. நீங்கள் பேசியது போய்த் திரும்பி உங்கள் காதிலேயே விழும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சோதனை ஆகிவிடும். கோவையில் ஆள் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அன்றைக்கு இரவு நான் ஒரே ஒரு முறை அதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. செய்யும்போது ஒரு நிமிடமாவது பேசுங்கள். அந்த 32 வினாடி தாண்டட்டும்.

6. சர்வர் இருக்கும் இடத்தில் உண்மையிலேயே பொது முகவரிதானா என்று பாருங்கள். ரௌட்டரின் வெளிப்பக்கமே 100.64 முதல் 100.127 வரையிலான முகவரியாக இருந்தால், அது இணைய நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களிடையே பங்கிட்டுக்கொள்ள 2012இல் ஒதுக்கப்பட்டது. அங்கே நீங்கள் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது.

இந்தத் தொல்லைக்கெல்லாம் மூலகாரணம் முகவரிப் பஞ்சம். பழைய ஐ.பி. பதிப்பு 4இல் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியிலேயே பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. அதனால்தான் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஒரு அலுவலகமே ஒளிந்துகொண்டிருக்கிறது. 'வெளியிலிருந்து பார்த்தால் என் முகவரி என்ன?' என்று போனே கேட்டுத் தெரிந்துகொள்ள ஸ்டன் என்ற முறை 2003இல் வந்தது. எல்லா வழிகளையும் முயன்று பார்த்து ஓடுகிற வழியைத் தேர்ந்தெடுக்கும் ஐஸ் என்ற முறை 2010இல் வந்தது. பிரவுசரில் நாம் வீடியோ கால் பேசும்போது உள்ளே நடப்பது அதுதான். ஆர்வம் உள்ளவர்கள் நூலகத்தோடு நிற்காமல் லேபிலும் செய்து பாருங்கள். இரண்டு ரௌட்டர், ஒரு பழைய கம்ப்யூட்டர் போதும்.

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்த மேனேஜர் ரெக்கார்டிங்கைக் காதால் கேட்டார். அதில் அக்காவின் குரல் இல்லை. அதனால் அக்கா பேசவில்லை என்று நினைத்தார். நானும் வரவேற்புக் குரலைக் காதால் கேட்டேன். அதனால் எல்லாம் ஓ.கே. என்று நினைத்தேன். இரண்டு பேருமே தீர விசாரிக்கவில்லை.

விடுமுறை முடிந்து ஊருக்குப் போனபோது அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். ஆர்.டி.பி., எஸ்.டி.பி. எல்லாம் விட்டுவிட்டு, கையெழுத்து விஷயத்தை மட்டும். முழுவதும் கேட்டுவிட்டு, "ரெண்டாவது தாளைப் படிச்சுப் பாத்துட்டுத்தான போட்டே?" என்று கேட்டார்.

"ஆமாப்பா. ரெண்டு தடவை படிச்சேன்."

"ம். சாப்புடு" என்றார்.